ஃபே என்கிற சந்தோஷம்

இசிதோர் பாடுகிறார். குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது, குழாய் திறந்திருக்கிறது, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி வருகிறது குரல். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் பாடுகிற பாட்டு, அதுவும் ஆனி மாதத்தில். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூடவே வாழ்கிறேன், இந்த மனுஷனுக்குப் பாட வரும் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. வரும் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். நான் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன், மறுபடி மூடுகிறேன். காகிதத்தில் மற்றதெல்லாம் தமிழாகிவிட்டது, ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது, பல் விழுந்த இடம் மாதிரி. ஃபே. ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய பேச்சுச் சொல். சாகப்போகிறவனுக்கு அதற்குச் சற்று முன்னால் காரணமே இல்லாமல் வருகிற சந்தோஷத்துக்கு அந்த ஊரில் வைத்திருக்கிற பெயர். நோயில் கிடக்கிறவனுக்கு வருவதில்லை அது, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறவனுக்கு வருவது. அவனுக்கே தெரியாது. பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். இப்போதைய ஆங்கில அகராதியைப் புரட்டினால் கிறுக்குத்தனமான, தேவதைக் கதைத்தனமான என்றெல்லாம் போட்டு அந்தச் சொல்லுக்கு ஜிகினா ஒட்டி வைத்திருக்கிறார்கள். சாவைக் கழுவிவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புத்திசாலிகள். ஆனால் எனக்கு அந்தக் கழுவாத சொல்தான் வேண்டும், மேற்காற்று காகிதத்தைத் தூக்குகிறது, அதன்மேல் காப்பி டம்ளரை வைக்கிறேன், இந்தக் காப்பியும் அவர் போட்டுத் தந்ததுதான் என்று இப்போது உறைக்கிறது. இசிதோர் காப்பி போட்டார். நான் கேட்காமல். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள், ஹெர்மினா டீச்சர் என்றால் தூத்துக்குடியில் இரண்டு தலைமுறைக்கு வயிறு கலங்கும். அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலையில் இருந்தார். வேலையில் இருந்தவரைக்கும் மூட்டையை எண்ணினார், ஓய்வுக்குப் பிறகு என் குற்றங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். குறை சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது, ஒரு வீட்டில் ஒரு கடுகடுப்பு இருந்தால் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால் இந்தச் சில மாதங்களாக நான் இருக்கிற சந்தோஷத்தில் இதற்கு முன்னால் எப்போதும் இருந்ததில்லை. சென்னைப் பதிப்பகத்திலிருந்து நிலவன் என்கிற தம்பி போன் செய்து, மேடம் ஒரு ஸ்காட்லாந்து நாவல் இருக்கு, மொழிபெயர்க்கணும், எல்லாம் மீனவங்க கதை, உங்க ஊர்க்காரங்க செஞ்சாத்தான் சரியா வரும் என்று சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. மீன்காரி மகளுக்கு மீன் கதை. எழுதியவனை அவன் ஊரிலேயே மறந்துவிட்டார்கள் போல. இருக்கட்டும். காலையில் ஜெபம், சமையல், அப்புறம் இந்த மேஜை. வடகடல் ஓரத்துக் குளிரில் விரல் மரத்துப்போய்த் தூண்டிலில் சிப்பிச் சதை கோக்கிற பெண்களை, கூரையில் வெயில் காய்கிற இந்த வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறேன். அவர்கள் ஏசுவதை நம் ஊர் ஏச்சில் எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடும். எல்லாம் ஓடிவந்து இந்தப் பதினெட்டாம் அத்தியாயத்தில், இந்த ஒரு சொல்லில், தட்டி நிற்கிறது. நிலவன், அடிக்குறிப்பு போட்ருங்க மேடம் என்கிறான். அடிக்குறிப்பு போடுகிறவள் தோற்றுப்போனவள். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் குட்டு வைத்த கை, அடிக்குறிப்பு போடாது.

டேவி என்று ஒரு கிழவன் அந்தக் கதையில். சிரித்தால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்தவன் மாதிரி வாழ்ந்த ஆள். ஒருநாள் காலை, கடல் அசையாமல் கிடக்கிறது, டேவி விசிலடித்துக்கொண்டு வெளியே வருகிறான். பகையாளி வீட்டுக் கதவைத் தட்டி, உன் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். எதிரே வந்தவனிடம் தன் பேனாக்கத்தியை எடுத்து, வைத்துக்கொள் என்கிறான். கரையில் பெண்கள் உட்கார்ந்து சிப்பி கோத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் முன்னால் இரண்டு அடி ஆடிக் காட்டித் தொப்பியைத் தூக்கி வணங்குகிறான். அப்போதுதான் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் மெல்லச் சொல்கிறாள், டேவி ஃபே என்று. அவ்வளவுதான். படகு போகிறது. ஒருத்தியும் எழுந்து தடுக்கவில்லை. இத்தனை பேர் இருந்து ஒருத்திக்குமா வாயில்லை, ஏய் கிழவா, இன்றைக்குக் கடலுக்குப் போகாதே, போய்ப் படு என்று சொன்னால் நாக்கா தேய்ந்துபோகும்? எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தில், கல்லாய்ச் சமைந்து நின்றார்கள் என்று எழுதிவிட்டேன். மூலத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. கல் என் கைச்சரக்கு.

"ஹெர்மி, உப்புமா நல்லாருந்துச்சு கேட்டியா" என்றபடி இசிதோர் வெளியே வந்தார். முகத்தில் சோப்பு வாசனை, ஈஸ்டருக்கு மகள் எடுத்துக் கொடுத்து இன்னும் மடிப்புக் கலையாத சட்டை. நான் திரும்பிப் பார்த்தேன். கட்டிக் கட்டியாக இருந்த உப்புமா அது, எனக்கே தொண்டையில் இறங்கவில்லை. "என்னங்க, ஒடம்புக்கு ஏதாவது செய்யுதா?" "எனக்கென்னட்டி, கல்லு மாரி இருக்கேன். மீன்பிடித் தடக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கரைக்கு வந்துட்டுல்லா, நான் போயி நல்ல மீனா பாத்து வாங்கிட்டு வாறேன். நீ எழுது. சமைக்காண்டாம், நான் வந்து கழுவித் தாறேன்." மீனைக் கழுவித் தருவதாகச் சொன்னார். மீன்வாடை ஆகாது என்று பாதி வாழ்க்கை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர். கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார், கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் முத்துக்குட்டியோடு பேச்சுச் சத்தம், எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். இசிதோர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி முத்துக்குட்டி கையில் வைத்துக்கொண்டிருந்தார். "சார், எதுக்கு சார்" என்று அவர் பின்வாங்க, "கட்டும்வே, எனக்கு எங்க போணும், மணி பாக்க" என்றார் இவர். எனக்கு எங்க போணும். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. போயிட்டு வாறேன் என்று சொன்னாரா, இல்லை வாங்கிட்டு வாறேன் என்று மட்டும்தானா. வாறேன் என்பது இருந்தது. வாறேன் இருந்தால் போதும்.

சிரிப்புத்தான் வருகிறது. படித்தவள், ஷேக்ஸ்பியர் நடத்தினவள், ஒரு நாவலில் கிழவன் கத்தியைக் கொடுத்தான் என்பதற்காகப் புருஷன் கடிகாரத்தைக் கொடுத்ததற்குப் பயப்படுகிறாள். அந்தக் கடிகாரம் சரியாக ஓடுவதும் இல்லை. கொடுத்தது ஒரு வகையில் நல்லது. மேஜைக்குத் திரும்பி உட்காருகிறேன், வேலையைப் பார் ஹெர்மினா. அணையப்போகிற விளக்கு என்று போட்டால் என்ன? எல்லாருக்கும் புரியும். ஆனால் அது எண்ணெய் தீர்ந்த விளக்கு, படுக்கையில் கிடக்கிறவர் கடைசி நாளில் கண்ணைத் திறந்து, கஞ்சி கொண்டா என்று கேட்பதற்குச் சொல்வது. டேவிக்கு எண்ணெய் தீரவில்லை, திரி நன்றாக இருக்கிறது, யாரோ வெளியிலிருந்து ஊதப்போகிறார்கள். சாக்களை என்று ஒன்று உண்டு, முகத்தில் சாக்களை தட்டிவிட்டது என்பார்கள், நல்ல கனமான சொல், ஆனால் அது இருளடித்த முகம், இதுவோ வெளிச்சமடித்த முகம். கெடுகாலத்துக்குப் புத்தி மாறும் என்பது கேட்டுக்குப் போகிறவனைத் திட்டுவது, டேவி என்ன கேடு செய்தான், இரண்டு அடி ஆடினான். பழந்தமிழில் பே என்றால் அச்சம் என்று எங்கோ படித்த ஞாபகம், ஃபேக்குப் பே, காதுக்கு ஒத்துப்போகிறது என்று ஒரு நிமிஷம் துள்ளினேன், அப்புறம் அடங்கினேன். டேவியிடம் அச்சம் எங்கே இருக்கிறது? அச்சமெல்லாம் பார்க்கிறவளிடம். இந்தத் தமிழில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது, சாவுக்கு மட்டும் எத்தனை, காலமானார், இயற்கை எய்தினார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மண்டையைப் போட்டார். சாவுக்கு முந்தின சந்தோஷத்துக்குத்தான் யாரும் எதுவும் வைக்கவில்லை. வைக்காமலா இருப்பார்கள், எனக்குத்தான் கிடைக்கவில்லை, நம்மைப்போலச் சந்தோஷத்துக்குப் பயந்த சனம் வேறு எங்கே இருக்கிறது.

அம்மா இருந்தாளே. நாங்கள் பிள்ளைகள் கூடி வயிறு வலிக்கச் சிரித்தால் போதும், அவளும் சிரித்துவிட்டு, சிரித்து முடித்த கையோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். "சேசுவே, இன்னைக்கு இவ்வளவு சிரிச்சாச்சே, என்ன அழப்போறமோ." சிரிப்புக்குக் கட்டுகிற வரி மாதிரி அது. வரியைக் கட்டினால் சிரிப்பை வைத்துக்கொள்ளலாம். எனக்கும் அந்தப் பழக்கம் விரலில் இருக்கிறது, வகுப்பில் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தால் என் கை தானாக நெற்றிக்குப் போய்ப் பொட்டைச் சரிசெய்வதுபோலத் திரும்பிவிடும், நான்தான் பொட்டு வைப்பதே இல்லையே. ஆக அந்தக் கரைப் பெண்களுக்கும் எங்கள் கரைப் பெண்களுக்கும் பெரிய தூரமில்லை. அவர்களிடம் ஒரு சொல் இருந்தது, எங்களிடம் ஒரு கை அசைவு. கை அசைவை எப்படி அச்சடிப்பது? கீழ்வீட்டுப் பவுலா அக்கா காய்ந்த துணி எடுக்க மாடிக்கு ஏறிவந்தவள் என் வாசலில் நின்று, "என்ன டீச்சர், சார் இன்னைக்குக் கல்யாண மாப்பிள்ள கணக்கா போறாவ. எனக்கு வணக்கம்லாம் சொன்னாவ!" என்றாள். குடிவந்த நாளிலிருந்து தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் பவுலா அக்காவோடு இவருக்குப் பேச்சே கிடையாது. "ஒங்களுக்கா? வணக்கமா?" "ஆமா டீச்சர். நல்லா இருக்கீங்களா, கால் வீக்கம் கொறஞ்சிட்டானு கேட்டாவ. எனக்குப் பக்குனு ஆயிட்டு." அவளுக்கும் பக்கென்று ஆகியிருக்கிறது. முட்டுவலி என்று எழுதியிருந்த பக்கத்தை நான் கையால் மூடிக்கொண்டேன், அவள் படித்துவிடுவாள் என்றா, இல்லை படித்துவிட்டால் நடந்துவிடும் என்றா, எனக்கே விளங்கவில்லை. அவள் துணியை அள்ளிக்கொண்டு இறங்கினாள். ஒரு மூட்டை என் தோளில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும், இந்தச் சொல் பொய். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று நான் வீட்டில்தான் இருந்தேன், பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுவலி என்று படுத்திருந்தேன், என் காதால் கேட்டேன். கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவைத் திட்டினார். இருக்கிற உப்பையெல்லாம் ஊரான் வீட்டில் கொட்டிவிட்டாயா என்றார். மீன்குத்திக் கம்பைக் காணோம் என்று கத்தினார், அது அவர் கைக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்திருந்தது. அப்படியே போனார். அதுதான் கடைசி. அப்புறம் துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா சொல்லி அழுதாள், அன்னைக்கு என்ன சிரிப்பு சிரிச்சாவ, பிள்ளைகளத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சினாவளே, எனக்கு அப்பவே தெரியாமப்போச்சே என்று. நான் அவள் மடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை. ஒரு மாதத்தில் எனக்கே அப்பா சிரித்தது ஞாபகம் வந்துவிட்டது, என் தலையைத் தொட்டதுகூட. அவள் பொய் சொல்லவில்லை, போனவருக்கு ஒரு நல்ல காலை நேரத்தைப் பின்னால் போய்க் கட்டிக் கொடுத்தாள். எல்லா ஊரிலும் இதுதான் நடந்திருக்கும். ஆள் போன பிறகு பெண்கள் உட்கார்ந்து ஆட வைக்கிறார்கள், விசிலடிக்க வைக்கிறார்கள், பகையாளியோடு சமாதானம் பண்ணி வைக்கிறார்கள். ஃபே என்பது பிறகு வைக்கிற சொல். நாவல் எழுதுகிறவன்தான் அதைத் தூக்கி முன்னால் வைத்து நம்மைப் பதறடிக்கிறான், தொழில் தெரிந்தவன். இப்படி யோசித்ததும் எனக்கு நெஞ்சு லேசானது, மின்விசிறிக் காற்றுகூடக் குளுமையாக இருந்தது, நல்ல பொண்ணு ஹெர்மினா என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.

அப்போது போன் அடித்தது, பெங்களூரிலிருந்து மகள் ரெஜினா. "மம்மி, டாடிக்கு என்ன ஆச்சு?" அவ்வளவுதான், தட்டிக்கொடுத்ததெல்லாம் போயிற்று. "என்னடி ஆச்சு?" "காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணாங்க. நான் யாருக்கோ என்னமோன்னு பதறி எடுத்தா, சும்மாதாம்மா கூப்பிட்டேங்கறாங்க. மாப்பிள்ளைகிட்டக் குடுன்னாங்க." "மாப்பிள்ளைகிட்டயா?" "அதத்தான சொல்றேன்! நீங்க நல்ல பையன், எம்மவள நல்லாப் பாத்துக்கிடுதீங்கன்னு சொன்னாங்களாம். இவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சண்டகிண்ட போட்டீங்களா ரெண்டு பேரும்? குடிச்சாங்களா?" குடிக்கவில்லை என்றேன். கொஞ்சம் வெயில் அதிகம் என்றேன். மகள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது, சாதி விட்டுக் கட்டினான் என்று கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பையன் முகத்தைப் பார்த்துப் பேசாதவர், இன்று நல்ல பையன் என்கிறார், இது நான் வருஷக்கணக்காக மண்டியிட்டுக் கேட்ட வரம், கிடைத்த அன்று கையில் வாங்கப் பயமாக இருக்கிறது. என்ன பிழைப்பு இது. "டாடி வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். நான் இவருக்குப் போன் போட்டேன். அலமாரிமேல் அடித்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார், இல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பால்கனியில் நிற்கிறேன். கடல் இங்கிருந்து தெரியாது, துறைமுகத்துக் கிரேன்களின் தலை மட்டும் தெரியும், உப்பு லாரி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போகிறது. மீன் ஏலக்கூடம் எவ்வளவு தூரம், ஸ்கூட்டரில் போய் வந்து இரண்டு முறை தலை குளித்திருக்கலாம். லாரிகள். மேற்காற்று பக்கவாட்டில் தள்ளும். ஐம்பதைத் தாண்டி ஓட்டாத மனுஷன், ஆனால் இன்றைக்குப் பாடிக்கொண்டல்லவா போனார். நான் ஏன் தடுக்கவில்லை? என்ன சொல்லித் தடுப்பேன்? நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள், அதனால் வெளியே போகக் கூடாது என்றா? யோசித்துப் பார்த்தால் அந்தக் கரைப் பெண்களுக்கும் அதே கஷ்டம்தான் இருந்திருக்கும். இல்லை, நான் அவர்களை மன்னிப்பதாக இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்திருக்கிறேன். கம்பி வெயிலில் காய்ந்து உள்ளங்கையைச் சுடுகிறது, எடுத்தால் ஏதோ நடந்துவிடும் என்று எடுக்காமல் நிற்கிறேன், எதிர்வீட்டுச் சுவரில் பூனை ஒன்று என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. ஒன்று சொல்லட்டுமா, இந்த மனுஷன் மேல் எனக்கு இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது. அந்தக் கடுகடுப்போடேயே வரட்டும், உப்புமாவைத் திட்டட்டும், பவுலா அக்காவோடு தொட்டிச் சண்டை போடட்டும், பாட வேண்டாம். மாதாவே, பாட வேண்டாம். தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பியது. கூடை முன்னால் ஆடியது. கூடைக்கு மேலே எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் பொட்டலம்.

படியில் பாதி ஏறும்போதே, "ஹெர்மி, ஊளி மீனு கெடச்சிருக்கு பாத்துக்கோ, கண்ணு எப்படி முழிக்கி பாரு" என்றார். நான் வாசலை மறித்து நின்றேன். என்ன கேட்கப்போகிறேன் என்று தெரியாமலே கேட்டேன். "உங்களுக்கு என்ன? உண்மையச் சொல்லுங்க." "மீனு வாங்கிட்டு வந்தேன்." "கடியாரத்த எதுக்குக் குடுத்தீங்க? பவுலா அக்காகிட்ட எதுக்குப் பேசுனீங்க? மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க? சாகப்போற மாரி எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாறீங்களா?" குரல் உடைந்துவிட்டது, டீச்சர் குரலே இல்லை அது. அவர் மக்ரூன் பொட்டலத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கூடையைக் கீழே வைத்தார். என்னைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "சாகப்போறேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார், "நேத்து வரைக்கும்." பிறகு சொன்னார், மூட்டை எண்ணுகிற அதே குரலில். தவக்காலத் தொடக்கத்தில் கழுத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதாம். பென்ஷனர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்காம். ஒரு டாக்டர், இன்னொரு டாக்டர், பிறகு ஊசி குத்திக் கட்டியிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களாம். முதலில் ஒரு தடவை சந்தேகம் என்று வந்து, மறுபடி எடுத்து, நேற்று சாயங்காலம்தான் சொன்னார்களாம், கெட்ட கட்டி இல்லை, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று. "ஒண்ணுமில்லட்டி. ஒண்ணுமே இல்லயாம்." சொல்லும்போது முகமெல்லாம் அந்தக் காலைச் சிரிப்பு மறுபடி வந்தது. வெட்கமில்லாத சிரிப்பு. சாகப்போகிறவனுடையதா இது, அடப்பாவி, பிழைத்தவனுடையது.

சங்கக் கூட்டம். அந்த நாள்களை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வீடு அமைதியாக இருக்கும், பக்கம் பக்கமாக ஓடும், கூட்டம் இன்னும் கொஞ்சம் இழுத்தால் நல்லது என்று நினைத்திருக்கிறேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அவர் மக்ரூன் பொட்டலத்தின் நூலைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொல்லணும்னுதான் வந்தேன், சந்தேகம்னு சொன்ன அன்னைக்கு. நீ சமையக்கட்டுல இருந்த. அந்தப் பொஸ்தகத்துல ஏதோ ஆட்டம் வருது போல, அதக் காலால போட்டுப் பாத்துக்கிட்டு இருந்த. ஒரு கைல கரண்டி. தன்னால சிரிச்சுக்கிட்டு இப்படிச் சுத்துன. கல்யாணம் ஆனதுலருந்து ஒன்ன நான் அப்படிப் பாத்ததில்ல." நூல் பிரியவில்லை, பல்லால் கடித்தார். "கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தெரிஞ்ச பெறவு ஆடவா போற? சரி, ஆடுத வரைக்கும் ஆடட்டும்னு செருப்ப மாட்டிட்டு வெளிய போயிட்டேன்."

ஆடியது நானா. கடல் அசையாமல் கிடந்த அந்தக் காலை முழுக்க, இந்த மாதங்கள் முழுக்க, விசிலடித்துக்கொண்டு தொப்பியைத் தூக்கி வணங்கியது நான், காலையிலிருந்து இவர் முகத்தில் எதைத் தேடினேனோ அதை இவர் என் முகத்தில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாய் இல்லாமலா நின்றார்? உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே நின்றுபோயிருக்கும், அதைச் செய்ய மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். கல்லாம் கல்! எழுதின கையை வெட்ட வேண்டும். அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவன் வாழ்நாளிலேயே முதல்முறையாகச் சந்தோஷமாக இருக்கிறான், அதை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தங்கள் பங்குக்குத் தெரிந்துகொண்டு நிற்கிற வேதனையை எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நான் சொல் தேடினேன், அகராதியைப் புரட்டினேன், இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறார். எந்தத் தெருவில் போய் நின்றார் அன்றைக்கு? தனியாக எங்கே உட்கார்ந்தார்? சாப்பிட்டாரா? திரும்பி வந்ததும் உப்புமாவையோ ரசத்தையோ ஏதோ குறை சொல்லியிருப்பார், நான் வழக்கம் என்று நினைத்திருப்பேன். அழுகை வந்தது, அழுதேன். "ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சுல்லா, பெறகு எதுக்கு அழுத" என்று அவர் மிரண்டுபோனார்.

சொன்னபடி மீனைக் கழுவித் தந்தார், பாதிச் செதில் சட்டையில். குழம்பு வைத்து, சோறு வடித்து, பரிமாறி, எதிரே உட்கார்ந்தேன். அவர் பிசைந்து முதல் உருண்டையை எடுத்தார். "எங்க இருக்கு?" என்றேன். "எது?" "காட்டுங்க." மோவாயைத் தூக்கி இடப்பக்கம் காட்டினார். எழுந்து போய் விரலை வைத்தேன். தாடைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு, தோலுக்கடியில் இருந்தது. தொட்டால் நழுவியது. இத்தனை மாதம் இதுவும் நானும் ஒரே படுக்கையில் படுத்திருக்கிறோம். "வலிக்கா?" "இல்ல, கூசுது" என்று சிரித்தார், சிரித்தபோது என் விரலுக்கடியில் தொண்டை அதிர்ந்தது. நான் விரலை எடுக்கவில்லை. "ஏட்டி, சோறு ஆறுது" என்றார்.

ஆறட்டும் என்றேன்.